கனடாவிலிருந்து வரும் மகன்

வலங்கைமானில் ரெங்கசாமியின் உடல் நேற்றிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் காத்திருந்தது.

“கனடாவுல லட்ச லட்சமா சம்பாதிக்கிற புள்ள வராம எப்படி எடுக்கறது?” என்றார் பங்காளி, அந்தச் சம்பளம் தன் பைக்கே வருவதுபோல். தெருவே தலையாட்டியது.

ரெங்கசாமியின் மனைவி கொல்லைப்பக்கம் போய் மகனுக்குப் போன் செய்தாள்.

“பிளைட்டு எறங்கியிருக்கும்னு பேசிக்கிறாங்க பரணி. இப்பக் கெளம்பி வாப்பா.”

ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்த பரணிதரன் எழுந்தான். கனடா வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அவன் ஒரத்தநாட்டிலேயே மாட்டு டாக்டராக இருந்துவிட்டான். வெட்கம் தாங்காமல், ஊராரிடம் வாய்ப்பேச்சிலேயே அவனை விமானம் ஏற்றிவிட்டவர் அப்பாதான்.

“நேத்தே ஓடி வந்திருப்பேனேம்மா...”

“கனடாவுலேர்ந்து அவ்வளவு சீக்கிரம் வர முடியாதேப்பா” என்று விம்மினாள் அம்மா.