முல்லைக்குப் பின்னால் நின்ற நீலம்

கதவுக் கொக்கியில் தொங்கிய கருநீலச் சுடிதாருக்குத் தன் காலம் முடிந்துவிட்டது என்று அன்று காலையிலேயே தோன்றிவிட்டது. நாய்க் கண்காட்சி என்றால் வைதேகி அதைத்தான் போடுவாள். அதன் பையில் அவள் நாய் முல்லைக்கு ஊட்டும் வறுத்த ஈரலின் வாசனை போகவே போகாது. இன்றைய கண்காட்சிக்கோ கட்டிலில் புது வெள்ளைப் பட்டுப்புடவை விரிந்து கிடந்தது. கீழே குதிகால் உயர்ந்த செருப்பு.

"முல்லையும் வெள்ளை, நானும் வெள்ளை. ஜோடி எப்படி?" என்றது புடவை. "உன்னை இனிமே அவ கால் துடைக்கத்தான் கிழிப்பாங்க."

"கிழிக்கட்டும். முல்லை கால்தானே" என்றது சுடிதார்.

வைதேகி புடவையைக் கட்டிக்கொண்டு முல்லையோடு கண்ணாடி முன் நின்றாள். வெள்ளை ராஜபாளையம் நாய் வெள்ளைப் புடவையில் கரைந்துபோனது. ரோஜா நிற மூக்கும் இரண்டு கண்களும்தான் மிச்சம். நடத்திப் பார்த்தாள். செருப்பு டக் டக்கென்றதும் முல்லை நடப்பதை விட்டுவிட்டு அவள் காலையே பார்த்தது. வைதேகி சிரித்துக்கொண்டே பழைய கான்வாஸ் ஷூவைத் தேடினாள். பிறகு கொக்கிப் பக்கம் கை நீட்டினாள்.

மறுவாரம் கண்காட்சிப் படம் சுவருக்கு வந்தது. முல்லையின் வயிற்று ஒடுக்கம், வால் வளைவு, எல்லாம் வரைந்து வைத்ததுபோல் இருந்தன.

புடவை எட்டிப் பார்த்தது. "இதுல நீ எங்கே?"

"முல்லையைச் சுத்தி நீலமா தெரியுதே" என்றது சுடிதார். "அது பூரா நான்தான்."