ரெண்டே ரெண்டு முடிச்சு

“கேன்சர் பரவலை சார். எடுத்த நிணநீர் முடிச்சு ரெண்டுமே சுத்தம்.”

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் கணவர் நாற்காலியை டாக்டரம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கருப்பையை எடுத்த மனைவி கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தாள்.

“உள்ள நிறைய முடிச்சு இருக்குமே டாக்டர். ரெண்டை மட்டும் பார்த்துட்டு எப்படிச் சொல்றீங்க?”

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். “ஆரம்ப நிலைதானே சார். கருப்பை வாயில சாயத்தை ஊசியா போட்டோம். நோய் பரவினா முதல்ல எந்த முடிச்சுக்குப் போகுமோ, சாயமும் அங்கதான் போகும். அதைத்தான் எடுத்தோம்.”

“அந்த ரெண்டைக் கை காட்டினது யாரு?”

“சாயம்தான்.”

“வேற யாரும் காட்டலையே? சத்தியமா?”

டாக்டரம்மாவின் முகம் மாறியது. “என்ன சார், எங்க மேல சந்தேகமா?”

“கோவிச்சுக்காதீங்க டாக்டர்,” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. “இவர் தானிய குடோன்ல தரம் பார்க்குற ஆபீசர். லாரிக்கு ரெண்டு மூட்டையைப் பிரிச்சுப் பார்த்துட்டு, மொத்த லோடும் சுத்தம்னு சீல் குத்துவார். எந்த ரெண்டுன்னு லாரிக்காரர்தான் கை காட்டுவார்.”