கூடை முக்கும் மடத்தனம்

கூடையைத் தண்ணீரில் முக்குவதைவிடப் பெரிய மடத்தனத்தை மனிதகுலம் கண்டதில்லை என்று, போல்கதாங்காவில் தன் வீட்டு முற்றத்தில் சௌகரியமாக உட்கார்ந்தபடி அயம்கா அறிவித்தான்.

"என்ன அதம்போகா, முக்குனா முளைச்சிருமா?"

"புல்லு ஊறுனாத்தான் நசுங்குன கூடை நிமிரும்," என்றாள் மனைவி அதம்போகா, வாளியிலிருந்து கூடையை எடுத்தபடி. "நேத்து ஒங்க செல்லக் கெடா இதுமேல ஏறிப் படுத்திருக்கு."

"கெடாவுக்கு எங்க படுக்கறதுன்னு விவஸ்தையே இல்ல."

"இன்னொரு கூடை நசுங்கட்டும், அறுத்துச் சூப்பு வச்சிடறேன்."

அவள் சந்தைக்குப் போனதும் அயம்கா எழுந்தான். நேற்றைப் போலவே இன்றும் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கூடை தட்டையாகிக் கிடந்தது. கட்டிப்போட்டிருந்த கெடா அவனையே பார்த்தது.

"சத்தம் போடாதடா," என்று அதனிடம் சொல்லிவிட்டு, வாளியை இழுத்துக் கூடையை முக்கினான்.