வலது தோளில் ஈரக்கறை

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கை இருக்கற மூலக்கூறு, மேகலை. ஒரு கையில மட்டும் எஸ்டரை மாட்டணும். எதைப் போட்டாலும் ரெண்டுலயும் ஒட்டிக்குது. லேபுல மேனேஜர் தெனமும் திட்டறாரு."

"வினையூக்கியை மாத்திப் பாருங்களேன். டின் சேர்மம் போட்டா ஒரு கையோட நிக்கும்னு எம்.எஸ்சி.யில படிச்சேன்."

"ரசத்துக்கு உப்புப் போட்டியா? மொதல்ல அதைப் பாரு."

போன மாதம் நடந்த பேச்சு அது. அன்று அவள் கேட்க நினைத்தது வேறு. கல்யாணமான நாளிலிருந்து தொண்டையிலேயே நிற்கிற ஒன்று. வழக்கம்போல விழுங்கிக்கொண்டாள்.

இன்று மணிமேகலையின் கையில் கணவன் மாதவராஜின் நேற்றைய சட்டை. மல்லிகை வாசனை. வலது தோளில் ஈரம் காய்ந்த கறை. சில நாட்களாகவே இப்படித்தான்.

"தலைக்குக் குளிச்சு, ஈரத்தோட பூ வெச்சவ எவளோ சாஞ்சிருக்கறா," என்று பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் துணி காயப்போட்டபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

மதியம் மாதவராஜ் வந்தான். இன்றைய சட்டையிலும் வலது தோள் நனைந்திருந்தது.

"இது என்ன வாசனைங்க?"

"எஸ்டர் வாசனை. லேபுன்னா வரத்தான் செய்யும்." அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினான்.

"எந்த எஸ்டரு?"

"அதேதான். ஒரு கை எஸ்டர்."

"அது பென்சாயேட்டுன்னு நீங்கதான சொன்னீங்க. அதுல மல்லி வாசம் எங்கிருந்து வரும்? நானும் கெமிஸ்ட்ரிதாங்க படிச்சேன்."

மாதவராஜ் செருப்பைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தான்.

"பாப்பாரப்பட்டிக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போக பை கட்டி வெச்சிட்டேன். அவ பேரைச் சொல்லுங்க, போயிடறேன்."

"கிருஷ்ணப்பன்," என்றான்.

அவள் விழித்தாள்.

"பூ மார்க்கெட்டுல மண்டி வெச்சிருக்கறாரு. ஒரு கை எஸ்டர் வரவே இல்லைன்னு லேபுல என்னை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. காலையில அவருக்குத் தண்ணி தெளிச்ச பூ மூட்டை தூக்கறேன். இதை உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

மணிமேகலை அவன் தோளையே பார்த்தபடி நின்றாள்.

"டின் போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"உங்க எடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்களா?"

"இன்னும் தேடிட்டுத்தான் இருக்கறாங்க."

அவள் கட்டி வைத்த பையைத் திறந்தாள். அடியில் மடித்து வைத்திருந்த கல்லூரிக் காலத்து வெள்ளை லேப் கோட்டை எடுத்து உதறினாள்.

"அப்ப... நான் போகட்டுங்களா?"