பன்னிரண்டாவது ஆள்

பொறாமை வயிற்றில் எரியும் என்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஆழ்ந்த வருத்தத்துடன் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அது எரிவது காதில்.

ஆதாரம், ஜெபக்குமார். பேராசிரியர் கோபாலகிருஷ்ணன் வகுப்பில் "பிரமாதம் சங்கவி" என்று சொல்லும்போதெல்லாம் அவன் காது மடல் சிவந்து சூடாகும். வயிறு தன் பாட்டுக்கு வேலை செய்யும். அன்றைக்கெல்லாம் ஹாஸ்டல் மெஸ்ஸில் மீன் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்குவான்.

படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இருவரும் எம்.டெக். படித்தார்கள். அறிவார்ந்த ஊடாடு கணினி அமைப்புகள் என்பது படிப்பின் பெயர். பஸ்ஸில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று முடித்துக்கொள்வார்கள்.

ப்ராஜெக்டில் முதல் மார்க் வாங்கும் ஒருவருக்கு ஜப்பானில் ஆறு மாதம் ஆராய்ச்சி செய்ய இடம் உண்டு. ஒரே ஒருவருக்கு.

ஜெபக்குமாரின் ப்ராஜெக்ட் இது: வயலில் நின்று கையசைத்தால், கேமரா பார்த்து பம்புசெட்டை ஓட்டும். ஹாஸ்டல் அறையில் நூற்றுக்கு நூறு. திருக்கழுக்குன்றத்தில் மாமா பெஞ்சமினின் கத்தரித் தோட்டத்தில் பூஜ்யம்.

மாமா இரண்டு கையையும் ஆட்டிப் பார்த்தார். "இன்னாடா மாப்ள, மோட்டாரு ஓடல, கொக்குதான் ஓடுது" என்றார்.

சங்கவியோ மாணவர்களின் சந்தேகத்தைத் தீர்க்கும் பேசும் இயந்திரத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். பெயர் கலங்கரை. மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். வேறு பெயர் வைப்பாளா?

"ஜெபா, நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும். பன்னெண்டு பேராவது கலங்கரைகிட்ட பேசியிருக்கணும். பதினோரு பேர்தான் கீறாங்க. நீ வர்றியா?"

குற்றம் கண்டுபிடிக்க இப்படி ஒரு வாய்ப்பு வீடு தேடி வருமா? உடனே போனான்.

நீட்டிய சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

"நான் எதிர்ல இருந்தா நீ சரியா பேச மாட்டே. அடுத்த ரூம்ல கீறேன்" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

லாப்டாப்பிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "வணக்கம். உங்கள் சந்தேகம் என்ன?"

"ரூம்ல வேலை செய்யற என் ப்ராஜெக்ட் வயல்ல வேலை செய்யல. மூணு வாரமா பேஜாரு. எங்க, சொல்லு பாப்போம்!"

"அதற்குக் கற்றுக்கொடுக்கப் படங்களை எங்கே எடுத்தீர்கள்?"

"ஹாஸ்டல் ரூம்ல."

"எந்த வெளிச்சத்தில்?"

"டியூப் லைட்டுல."

"அப்படியானால் அது வெயிலைப் பார்த்ததே இல்லை. வயலுக்குப் போய், காலை, மதியம், மாலை மூன்று வேளையும் படம் எடுத்துக் கற்றுக்கொடுங்கள்."

ஜெபக்குமாருக்குக் காது கொதித்தது. மூன்று வாரம் முட்டிக்கொண்டது அரை நிமிடத்தில் தீர்ந்தது என்பது அவமானம். தீர்த்தது அவளுடைய இயந்திரம் என்பது பேரவமானம்.

"நீ சூப்பர்தான். உன் ஓனர் சரியில்ல" என்றான் லாப்டாப்பிடம். "சாரைக் காக்கா புடிச்சே மார்க் வாங்குறா. குப்பத்துல மீன் கூடை தூக்கிக்கினு இருக்க வேண்டியதெல்லாம் எம்.டெக். படிக்க வந்துட்சி. கிட்ட வந்தாலே நாத்தம்."

லாப்டாப் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னா, சர்வர் படுத்துக்கிச்சா?" என்று சிரித்தான்.

"வேறு சந்தேகம் ஏதாவது இருக்கிறதா?" என்றது குரல்.

அடுத்த வாரம் மதிப்பீடு. ஜெபக்குமார் காட்டிய வீடியோவில் மாமா நடு வெயிலில் ஒற்றைக் கையைத் தூக்க, தண்ணீர் பீறிட்டது.

"வெயில்ல படம் எடுக்கணும்னு எப்படித் தோணிச்சு?" என்றார் பேராசிரியர்.

"சும்மா தோணிச்சு சார்."

இரண்டாவது வரிசையில் சங்கவி தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து அவள் முறை.

"ரிப்போர்ட் அருமையா இருக்கும்மா. பேசினவங்க பேச்சையெல்லாம் ஒரு எழுத்து விடாம இணைச்சிருக்கே. ஆனா மிஷினையே இன்னும் செய்யலையே?"

வகுப்பு சிரித்தது. ஜெபக்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"செய்யறதுக்கு முன்னாடி, மிஷின் இருக்கிற எடத்துல ஒரு ஆளை ஒளிச்சு வச்சுப் பாக்குறது வழக்கம் சார். போன மாசம் என் செமினார்ல சொன்னேன்."

அந்த செமினாரை எடுத்தது சங்கவி என்பதால் ஜெபக்குமார் அன்றைக்குக் கேன்டீனில் இருந்தான்.

"முறை சரிதான். பின்னாடி உக்காந்து டைப் பண்ணது யாரு?"

"நான்தான் சார். ஹெட்ஃபோன்ல கேட்டு டைப் பண்ணுவேன். அது குரலா போவும்."

"பன்னெண்டு பேர் வேணுமே, பதினொண்ணுதானே இருக்கு?"

"பன்னெண்டாவது ஆள் பேசினதை அழிச்சிட்டேன் சார்."

"ஏன்?"

"மிஷினுன்னு நெனச்சு மனசுல இருந்ததைப் பேசிட்டாங்க. நீங்க படிச்சா அவங்களுக்குக் கஷ்டம்."

"அஞ்சு மார்க் போயிடும், தெரியுமில்ல? யாரு அந்த ஆளு? இங்க இருந்தா எழுந்து சொல்லட்டும், எண்ணிக்கையில சேத்துக்கறேன்."

வகுப்பு திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ஜெபக்குமார் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

மதியம் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். ஜெபக்குமார், எண்பத்தேழு. சங்கவி, தொண்ணூறில் ஐந்து கழித்து எண்பத்தைந்து. ஜப்பானுக்கு ஜெபக்குமார்.

அன்று மெஸ்ஸில் மீன் குழம்பு. ஜெபக்குமாரின் தட்டு கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது.