விசுவாசத்துக்கு உத்தரவாதம்

“மணி நாலு இருபது, ஐயா. அஞ்சுக்கு அட்மிஷனை மூடிடுவாங்க,” என்றார் தத்துவத் துறைத் தலைவர்.

எதிரே அமர்ந்திருந்த போதகர் அவசரப்படவில்லை. மகனின் விண்ணப்பம் அவர் மடியில் இருந்தது. பெற்றோர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

துறையில் இதுவரை சேர்ந்தவர்கள் ஆறு பேர். ஏழாவது ஆள் வராவிட்டால் துறையை இழுத்து மூடிவிட்டு, அறையை வணிகவியலுக்குக் கொடுத்துவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். வணிகவியல்காரர்கள் காலையிலேயே வந்து ஜன்னலை அளந்துகொண்டு போனார்கள்.

பையனுக்கு ஏன் தத்துவம் என்று துறைத் தலைவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாத ஒரே கேள்வி அது.

“உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லைன்னு கேள்விப்பட்டேன்,” என்றார் போதகர்.

“யார் சொன்னது?”

“நீங்கதான். போன வருஷம் நூலக விழாவுல, மைக்கைப் பிடிச்சு.”

“அது மேடைக்காகப் பேசினது, ஐயா.”

உண்மைக்காக எதையும் இழக்கலாம் என்று இருபத்திரண்டு வருடங்களாகப் பாடம் நடத்துகிறவர் அவர். அறையை மட்டும் இழக்க முடியாது.

“முதல் வருஷம் என்ன சொல்லித் தர்றீங்க?”

“கடவுள் இருக்கார்ங்கிறதுக்கான வாதங்கள்.”

“இல்லைங்கிறதுக்கு?”

“அது மூணாவது வருஷம். அதுவும் விருப்பப் பாடம். யாரும் எடுக்கிறதில்ல.”

போதகரின் முகம் தெளியவில்லை. துறைத் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“எங்க சபைக் கல்லூரியிலயும் சீட் கிடைச்சிருக்கு,” என்றார் போதகர். “அங்க காலையில ஜெபம், சாயங்காலம் ஜெபம்.”

“இங்க மட்டும் என்ன குறைச்சல்? ஜெபத்துக்கு என் ரூமையே தர்றேன்.”

“கேள்வி கேட்டே ஆளைக் குழப்புற வாத்தியார் யாராவது?”

“ஒருத்தர் இருந்தார். ரிட்டையர் ஆகிட்டார்.”

“கூடப் படிக்கிற பசங்க?”

“தங்கமான பசங்க. வாயே திறக்க மாட்டாங்க.”

“அப்போ மூணு வருஷம் கழிச்சு...”

“எப்படி வந்தானோ அப்படியே திருப்பித் தர்றேன், ஐயா. அவன் விசுவாசத்துல ஒரு கீறல் விழாது. எழுதி வேணும்னாலும் தர்றேன்.”

போதகர் விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

துறைத் தலைவர் ஓடிப்போய்க் கதவை மறித்தார். “இதுக்கு மேல நான் என்னதான் செய்யணும்? ஞானஸ்நானம் எடுத்துக்கணுமா?”

போதகர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வராந்தா பெஞ்சில் மகன் வேதாகமத்தை விரித்துவைத்துக் காவலாளிக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். காவலாளி எழுந்து போக வழி தேடிக்கொண்டிருந்தார்.

போதகர் குரலைத் தாழ்த்தினார்.

“சாப்பாட்டுக்கு முன்னால நான் ஜெபம் பண்ணினா, ஆமென் சொல்றதுக்கு முன்னாடி தப்புக் கண்டுபிடிக்கிறான், சார். போன ஞாயிறு என் பிரசங்கத்துக்கு நடுவுல எழுந்து நின்னு திருத்தினான். சபையே அவன் பக்கம். பதினெட்டு வருஷத்துல அவனுக்கு ஒரு சந்தேகம் வந்ததில்ல. உங்க மைக் பேச்சைக் கேட்டுட்டு, உங்களை நம்பித்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன். கொஞ்சமாவது கெடுத்துத் தர முடியுமா?”