நாலாவது பூட்டு

“மிஷின் ஏன் இன்னும் ஓடலை?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் மேனேஜர்.

ராட்சத மாவு மிஷினுக்குள் பழுதுபார்க்க இறங்குகிறவர்கள், மெயின் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மூன்று பேர் வேலை முடித்து வெளியே வந்து தங்கள் பூட்டைத் திறந்துவிட்டார்கள். நாலாவது பூட்டு மட்டும் தொங்கியது.

“உள்ளே ஒருத்தரும் இல்லையே. உடைச்சுப் போடும்மா.”

“போட்டவர்தான் சார் திறக்கணும்,” என்றாள் எலக்ட்ரீஷியன், சுவிட்சை விட்டு நகராமல். “நாலு தடவை போன் அடிச்சேன், எடுக்கலை.”

“ஒரு மணி நேர வேலை போச்சு. பூட்டிட்டு மறந்துபோனவன் எவனா இருந்தாலும் இன்னைக்கே சீட்டைக் கிழிக்கிறேன். யாரவன்?”

அவள் பூட்டில் தொங்கிய அட்டையைத் திருப்பினாள். ‘தள்ளுங்க, நானே பார்க்கிறேன்’ என்று காலையில் உள்ளே இறங்கிய மேனேஜரின் படம் அதில் சிரித்தது.

அவர் மெல்லப் பைக்குள் கையை விட்டார். சாவி இருந்தது. சத்தத்தை அணைத்து வைத்த போனும் இருந்தது.

“நீங்களே திறங்க சார்,” என்றாள் அவள். “அதுவரைக்கும் என்னைப் பொறுத்தவரை நீங்க உள்ளேதான் இருக்கீங்க. எப்படி மிஷினை ஓட்டுறது?”